கிறிஸ்துமஸ் அன்று கடை திறக்கலாமா? ஒரு முந்நூறு வருட வழக்கு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

டிசம்பர் பிறந்ததும் வாட்ஸ்அப்பில் இரண்டு வகைச் செய்திகள் சுற்ற ஆரம்பித்துவிடுகின்றன. "அவர்கள் பண்டிகைக்கு நாம் ஏன் கடையை மூட வேண்டும்? நம் கடைகள் திறந்தே இருக்கும்" என்பது ஒன்று. "இயேசு பிறந்த நாளில்கூடக் கல்லாப்பெட்டிதானா? ஒரு நாள் மூடினால் என்ன குறைந்துவிடும்?" என்பது இன்னொன்று. இரண்டையும் எனக்கு அனுப்புகிறவர்கள் என்னிடம் வரலாறு படித்த பிள்ளைகள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இது நேற்று முளைத்த கேள்வி என்று இரு தரப்பும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முந்நூறு வருடத்துக்கு முன்பே, நமக்கு எழுபது கிலோமீட்டருக்குள், பாண்டிச்சேரியில் இதற்காக ஒரு ஊரே மூட்டை கட்டியிருக்கிறது.

முதலில் நம் வழக்கத்தைப் பார்ப்போம். பண்டிகை என்றால் கடையை மூடுவது என்ற எண்ணமே நம் பக்கத்துக்குப் புதிது. நமக்குத் திருவிழா என்றால் கடை. மேல்மலையனூரில் அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், விடிய விடியப் பொரிகடலையும் வளையலும் பாத்திரமும் விற்றுக்கொண்டிருப்பார்கள். திருவண்ணாமலை தீபத்துக்கு மாட்டுச்சந்தையே கூடும். சாமி புறப்பாடும் வியாபாரமும் ஒரே தெருவில் நடந்தன. ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் என்று யாரும் நினைத்ததில்லை. கூட்டம் கூடாத இடத்தில்தான் கடை இருக்காது. எங்கள் தளவானூர்ப் பாறையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த சத்ருமல்லேசுவரம் 1,400 வருடமாக நிற்கிறது. சிற்பம் பார்க்க வருகிறவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். அதைச் சுற்றிக் கடைவீதி வளரவில்லை.

அப்படியானால் ஓய்வு? அதுவும் இருந்தது, ஆளுக்கு ஒரு நாளாக. கொத்தனாரும் ஆசாரியும் தறிக்காரரும் பல ஊர்களில் அமாவாசையன்று கருவியைத் தொடமாட்டார்கள். முஸ்லிம் வியாபாரி வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்குக் கடையைச் சாத்துவார். முடிதிருத்தும் கடைக்குச் செவ்வாய். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை செஞ்சியிலோ விழுப்புரத்திலோ முடி வெட்டிக்கொள்ளப் போய்ப் பாருங்கள். எல்லாரும் ஒரே நாளில் ஓய்வெடுக்க வேண்டும், அந்த நாள் ஞாயிறு, அதுபோக வருடத்தில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்ற ஏற்பாடு கப்பலில் வந்தது.

வந்தவர்கள் செஞ்சிக்கும் வந்தார்கள். 1597இல் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் நிக்கோலாஸ் பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் செஞ்சியைப் பார்த்துவிட்டு, இந்தியாவில் தான் கண்ட பெரிய நகரங்களில் ஒன்று என்று மலைத்து எழுதினார். பிறகு 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் விழும்வரை பிரெஞ்சுக் காவல்படை இங்கே இருந்தது. எண்ணிப் பார்த்தால் பதினோரு கிறிஸ்துமஸ் நம் ராஜகிரியின் நிழலில் கழிந்திருக்கின்றன. ஆனால் அது பட்டாளத்துக் கிறிஸ்துமஸ். கடைவீதிக்கும் அதற்கும் வழக்கு எதுவும் இல்லை. வழக்கு நடந்தது பாண்டிச்சேரிக் கடைவீதியில், அதற்கும் முன்னால்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கப் பாண்டிச்சேரியை மனத்தில் கொண்டுவாருங்கள். ஆள்வது பிரெஞ்சுக் கம்பெனி. கம்பெனியின் உயிர் துணி வியாபாரத்தில். துணியை நெய்கிறவர், வெளுக்கிறவர், சாயம் போடுகிறவர், மூட்டை தூக்குகிறவர், தரகு பேசுகிறவர் எல்லாரும் தமிழர்கள், பெரும்பாலோர் இந்துக்கள். ஏசுசபைப் பாதிரிமார்களுக்கோ, கிறிஸ்தவ அரசன் ஆளும் ஊரில் கிறிஸ்தவம்தான் வெளியே தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் கிறிஸ்தவப் பெருநாட்களிலும் மேளதாளமும் ஊர்வலமும் கூடாது என்பது அவர்கள் விடாமல் கேட்டுவந்த கோரிக்கைகளில் ஒன்று. கம்பெனி அதிகாரிகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பாதிரியார் பாரிசுக்குக் கடிதம் எழுதுவார். நெசவாளர் ஊரை விட்டுப் போவார். எதற்கு அதிகம் பயப்படுவது?

1715இல், இப்படி வழிபாட்டுக்கு விதித்த கட்டுப்பாடுகளைப் பொறுக்கமாட்டாமல் வேலைக்காரர்களும் தொழிலாளிகளும் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். கல்லெறியவில்லை, கோட்டைமேல் ஏறவில்லை. வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள், அவ்வளவே. துணி இல்லாத துணிக் கம்பெனி என்ன செய்யும்? பேசித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்ப பிள்ளை. மறுவருடம், 1716 பிப்ரவரியில், ஆளுநர் எபேர் அவரைக் கைது செய்தார். சுமத்திய குற்றங்களில் முக்கியமானது, முந்தைய வருடத்து வெளியேற்றத்தைத் தூண்டிவிட்டார் என்பது. தீர்ப்பு: கடைவீதியில் வைத்து 50 கசையடி, மூன்று வருடச் சிறை, சொத்துப் பறிமுதல், அதன்பின் நாடுகடத்தல். எத்தனையோ இடம் இருக்க அடிக்கத் தேர்ந்தெடுத்த இடம் கடைவீதி என்பதைக் கவனியுங்கள். யாருக்குக் காட்டுவதற்காக அந்த அடி என்பது அதிலேயே தெரிகிறது. 1717இல் சிறையிலேயே நைனியப்பர் இறந்தார். அவர் மகன் குருவப்பர் பிரான்சுக்குப் போய் நீதி கேட்டார், அங்கேயே கிறிஸ்தவராகி, அரசரிடம் வீரப்பட்டமும் பெற்றுத் திரும்பினார். தீர்ப்பு பின்னால் ரத்தானது. நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன்தான் நாமெல்லாரும் அறிந்த நாட்குறிப்பு ஆசிரியர் ஆனந்தரங்கப் பிள்ளை.

இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா, அன்றே நம்மேல் திணித்தார்கள்" என்று முதல் தரப்பு பிடித்துக்கொள்ளும். உண்மைதான், திணித்தார்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். திணிப்பு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது, அதுவும் கிறிஸ்தவ நாட்டிலேயே. "கிறிஸ்துமஸ் அன்று கடையைத் திறந்தே ஆக வேண்டும்" என்று சட்டம் போட்டவர்கள் சுத்தமான கிறிஸ்தவர்கள்.

இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லசை எதிர்த்துப் போரிட்டு வென்ற தூய்மைவாதிகளுக்கு கிறிஸ்துமஸ் பிடிக்காது. பைபிளில் டிசம்பர் 25 என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், பைபிளில் தேதி இல்லை. குடியும் கூத்துமாகக் கழியும் நாள் கடவுளுக்கு எப்படி உகந்தது என்றும் கேட்டார்கள். 1647 ஜூனில் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளையே ரத்து செய்தது. அந்த டிசம்பர் 25 அன்று கேன்டர்பரி நகர மேயர், வழக்கம்போலச் சந்தை கூட வேண்டும், கடைகள் திறக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர்தான் திறந்தார்கள். கூட்டம் சேர்ந்து அந்தக் கடைச் சரக்கைத் தெருவில் வாரி இறைத்தது, மேயரும் அடிபட்டார். கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால், அன்று வேலை செய்யாமல் இருந்தாலும்கூட, 5 ஷில்லிங் அபராதம் என்று விதித்தார்கள். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது எப்போது தெரியுமா? 1958இல். இந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நமக்குப் பின்னால் வேண்டும்.

தொழிற்சாலை வந்தபின் கேள்வியின் முகம் மாறியது. சாமி பின்னுக்குப் போய்ச் சம்பளம் முன்னுக்கு வந்தது. இங்கிலாந்து வங்கி ஒரு காலத்தில் வருடத்துக்கு 33 புனிதர் நாட்களில் மூடியிருந்தது. 1834இல் அதை நான்காகக் குறைத்தார்கள். 1843இல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் ஸ்குரூஜ் என்ற கஞ்ச முதலாளி வருகிறானே, அவனுக்கு இயேசுவோடு சண்டை எதுவும் இல்லை. வேலை செய்யாத நாளுக்கு குமாஸ்தாவுக்குக் கூலி தர வேண்டியிருக்கிறதே என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த வயிற்றெரிச்சலுக்கு மதம் கிடையாது. நம் ஊர் முதலாளிகளிலும் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை சட்டமாக வந்த வழியும் தேவாலய வழி கிடையாது. கடன் பத்திரத்தின் வழி. 1881ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டம். உண்டியலோ கடன் பத்திரமோ கெடு முடியும் நாள் பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கட்ட வேண்டும் என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் எது பொது விடுமுறை என்று சொல்லியாக வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமை, புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி என்று பெயர் சொல்லி எழுதினார்கள். தீபாவளிக்கோ ரம்ஜானுக்கோ பொங்கலுக்கோ பெயர் இல்லை. அரசு அறிவிக்கும் வேறு நாட்கள் என்ற பொதுப்பெயருக்குள் அவை ஒதுங்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு மூன்று பேரின் பண்டிகை சட்டத்திலும், மற்ற எல்லாருடையதும் கெசட் அறிவிப்பிலும். முதல் தரப்பின் கோபத்தில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நியாயத்துக்கு 1955இலேயே பரிகாரம் செய்தாகிவிட்டது. அந்த வருடத் திருத்தத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, புனித வெள்ளி என்ற சொற்களை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பிரிவில் பெயரோடு நிற்பது ஞாயிறு மட்டும். மற்றவை எல்லாம், கிறிஸ்துமஸ் உட்பட, வருடாவருடம் வரும் அரசு அறிவிப்பில் ஒரே வரிசையில் நிற்கின்றன. எழுபது வருடத்துக்கு முன் தீர்ந்த கணக்குக்கு இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வட்டி கேட்கிறார்கள்.

ஞாயிற்றின் கதை வேறு. அதை வெள்ளைக்காரன் சும்மா கொடுத்தான் என்று நினைக்க வேண்டாம். கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் கொடுத்தான், ஆலைக்குக் கொடுக்கவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே, ஜோதிராவ் பூலேயின் தோழர், 1884இல் 5,500 ஆலைத் தொழிலாளிகளின் கையெழுத்தோடு வார விடுமுறை கேட்டு மனுக் கொடுத்தார். ஆறு வருடம் கழித்து, 1890 ஜூன் 10 அன்று, பம்பாய் ஆலைகளுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1891 தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை ஏறியது. கேட்டவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். தேவாலயத்துக்குப் போக அவர்கள் கேட்கவில்லை. ஊர் வேலை பார்க்கவும், துணி துவைக்கவும், ஒரு நாள் தூங்கவும் கேட்டார்கள். அதனால் "ஞாயிறு யாருடைய நாள்" என்று கேட்டால், கேட்டு வாங்கியவனுடைய நாள் என்றுதான் நான் வகுப்பில் சொல்லுவேன்.

சென்னையில் 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளிகளுக்காகச் சங்கம் தொடங்கப் பாடுபட்டவர்களில் செல்வபதி செட்டியார் ஒருவர். அவர் துணி வியாபாரி. கடைக்காரர் ஒருவர் தொழிலாளிக்குச் சங்கம் வைத்த ஊர் இது என்பதை நம் வணிகப் பெருமக்கள் எப்போதாவது நினைத்துப் பார்க்கலாம்.

"அப்படியென்றால் நம் நாளை வைத்துக்கொள்வோமே, ஞாயிறு எதற்கு?" என்றும் ஒரு பின்னூட்டம் வரும், எனக்குத் தெரியும். அதையும் ஒரு நாடு செய்து பார்த்துவிட்டது. இலங்கையில் டட்லி சேனநாயக்கா அரசு 1966இல் ஞாயிறு விடுமுறையை நீக்கிவிட்டு, நிலவின் பிறைக் கணக்குப்படி போயா நாட்களை வார விடுமுறை ஆக்கியது. பௌத்தர்களுக்கு நியாயம் செய்வதாக எண்ணம். ஆனால் நிலா ஏழு ஏழாக எண்ணி வளர்வதில்லை. விடுமுறை சில சமயம் ஏழாம் நாளில் வரும், சில சமயம் எட்டாம் நாளில். அடுத்த விடுமுறை என்ன கிழமை என்று நாட்காட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கொழும்பு வங்கி மூடியிருக்கும் நாளில் லண்டன் திறந்திருக்கும். லண்டன் மூடும் நாளில் கொழும்பு திறந்திருக்கும். கத்தோலிக்கர்கள் ஞாயிறு பூசையை முடித்துக்கொண்டு வேலைக்கு ஓட வேண்டியிருந்தது. ஐந்து வருடம் தாக்குப்பிடித்தது. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக இன்றும் இருக்கிறது.

இனி நம் கடைகளுக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதியது இதற்காகத்தான்.

சுதந்திரம் கிடைத்த 1947இலேயே சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. பிறகு 1958. ஸ்காட்லாந்துக்காரர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையை முதன்முதலில் பார்த்த அதே வருடம், இங்கே தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் நிறைவேறியது. இன்று அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லாருக்கும் சம்பளத்தோடு விடுமுறை. அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்கள். எந்த ஐந்து? இங்கேதான் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். தீபாவளி என்றோ கிறிஸ்துமஸ் என்றோ பக்ரீத் என்றோ அவர்கள் எழுதவில்லை. முதலாளியையும் வேலையாட்களையும் கலந்துகொண்டு, அந்தந்த நிறுவனத்துக்கு எந்த ஐந்து என்று ஆய்வாளர் குறிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். நாகர்கோவில் கடைக்கு ஒரு ஐந்து, வாணியம்பாடித் தோல் கூடத்துக்கு ஒரு ஐந்து, செஞ்சிக்கு ஒரு ஐந்து. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் மாற்று விடுமுறை.

1715இல் பாண்டிச்சேரி தொழிலாளி ஊரை விட்டே கிளம்பித்தான் ஆளுநரைப் பேச வைக்க முடிந்தது. 1958இல் அந்தப் பேச்சையே சட்டத்துக்குள் வைத்தார்கள். ஆனால் பேச்சு நடக்கிறதா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பெரிய ஜவுளிக்கடையில் பில் போடும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், "அம்மா, உங்கள் கடைக்கு எந்த ஐந்து நாள்?" என்று. அப்படி ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. தீபாவளி முடிந்த மறுநாள்தான் துணிக்கடைப் பிள்ளைகளுக்குத் தீபாவளி. அதையே பெரிய சலுகையாக நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

என்னிடம் படித்து, பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, விழுப்புரத்திலும் பாண்டிச்சேரியிலும் சென்னையிலும் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் பலர். "நிற்கிற" என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021இல்தான் சட்டம் திருத்தினார்கள். அதற்குப் பதினோரு வருடம் முன்பே 'அங்காடித் தெரு' படம் வந்து எல்லாரும் அழுதுவிட்டு, அதே கடைகளுக்குப் போய்த் துணி எடுத்தோம். இதற்கு நடுவில் 2019 மே மாதத்தில், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் வருடம் 365 நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசாணை வந்தது. 2022இலும் 2025இலும் அதை நீட்டித்தார்கள். அதில் ஆளுக்கு வாரம் ஒரு நாள் சுழற்சி முறையில் விடுமுறை உண்டு என்ற நிபந்தனை இருக்கிறது. நாற்காலியும் இருக்கத்தான் செய்கிறது, சட்டத்தில்.

சரி, கிறிஸ்துமஸ் அன்று கடை திறக்கலாமா என்றால், திறக்கலாம் என்பதே என் கருத்து. டிசம்பர் 25ஐ ஒட்டித்தான் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு நம் கோட்டைக்கு வெளியூர்க் கூட்டம் கூடியிருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ராஜகிரி ஏறி இறங்குகிறவனுக்குச் சோடாவும் சாப்பாடும் வேண்டாமா? மருந்துக் கடைக்கும் டீக்கடைக்கும் இந்தக் கேள்வியே கிடையாது. பண்டிகை நாளில் வியாபாரம் செய்வது நம் மண்ணின் வழக்கம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். அரசாங்கத்துக்கே அதில் கூச்சம் இல்லை. டாஸ்மாக் மூடும் எட்டு நாட்களில் காந்தி ஜெயந்தி உண்டு, வள்ளலார் நாள் உண்டு, மகாவீரர் ஜெயந்தி உண்டு; கிறிஸ்துமஸ் இல்லை. (தீபாவளியும் இல்லை, சண்டைக்கு வர வேண்டாம்.)

ஆனால் "நம் கடை திறந்தே இருக்கும்" என்று மார்தட்டுகிறவரிடம் எனக்கு ஒரு கேள்வி. அந்த நாளில் கல்லாவில் உட்காரப்போவது நீங்களா, அல்லது திருப்பலிக்குப் போக வேண்டிய ஒரு பெண்ணா? உங்கள் கொள்கைக்கு அந்தப் பெண் ஏன் நாள்கூலி கட்ட வேண்டும்? அதேபோல, "ஒரு நாள் மூடினால் என்ன" என்கிறவரிடமும் கேட்கிறேன். தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிற ஆளுக்கு அந்த ஒரு நாள் அடுப்பு எரிய நீங்கள் கொடுப்பீர்களா? சம்பளம் இல்லாத விடுமுறைக்கு எங்கள் ஊரில் பட்டினி என்று பெயர்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். தனியொரு கடைக்காரர் நல்ல மனசோடு மூட நினைத்தாலும் முடியாது. எதிர்க்கடை திறந்திருந்தால் வாடிக்கை அங்கே போய்விடும். அந்தப் பயத்தில் இவரும் திறப்பார், இவரைப் பார்த்து அடுத்தவர் திறப்பார். யாருக்கும் கூடுதல் வியாபாரம் இல்லை, எல்லாருக்கும் ஓய்வு போச்சு. இங்கிலாந்தில் இதைச் சட்டத்தால் தீர்த்தார்கள்: 2004 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது; மூலைக்கடை திறந்துகொள்ளலாம். நம் முடிதிருத்தும் தொழிலாளர்கள் பக்கத்துக் கடைக்காரரோடு பேசியே தீர்த்துக்கொண்டார்கள். செவ்வாய் என்றால் எல்லாருக்கும் செவ்வாய். அதனால் யாருக்கும் வாடிக்கை போகவில்லை. நாம்தான் திங்களோ புதனோ போய் வெட்டிக்கொள்கிறோம். வணிகர் சங்கங்களுக்கும் இது தெரியாததில்லை. மே 5 வணிகர் தினத்துக்கு, தங்கள் மாநாட்டுக்கு, தமிழ்நாடு முழுக்கக் கடையடைக்க முடிகிறவர்கள், அந்த ஐந்து பண்டிகை நாட்களுக்கு ஊர்தோறும் ஒரு பட்டியல் பேசி முடிக்க முடியாதா? கிறிஸ்தவர் அதிகம் உள்ள ஊரில் கிறிஸ்துமஸ் அதில் வரட்டும். இல்லாத ஊரில் அந்த ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் சம்பளத்தோடு நாள் விடட்டும். அவர்கள் இடத்தில் அன்று நிற்கிற இந்துப் பிள்ளைக்குத் தைப்பூசத்துக்கோ மயிலார் அன்றோ மாற்று நாள் கொடுக்கட்டும்.

செஞ்சிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சேதி. 2026 டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. நம் வாரச்சந்தை நாள். ஆட்டுச்சந்தையில் விற்கிறவனும் வாங்குகிறவனும் அவரவர் முதலாளி. 1958 சட்டம் அங்கே எட்டாது. ஆட்டை வேனில் ஏற்றி இறக்குகிறவர்களும், டீ ஆற்றுகிறவர்களும், சுங்கம் வசூலிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களிலும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வாரம் சந்தையை 24ஆம் தேதி வியாழனுக்கு மாற்றிவிடலாம் என்பது என் யோசனை. கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு ஆடு வேண்டியவன் எப்படியும் முதல் நாளே வாங்கியாக வேண்டும். 25ஆம் தேதி காலை ஓட்டிவந்த கிடாய்க்கு என்ன விலை கிடைக்கும் என்று ஆட்டுக்காரரையே கேளுங்கள்.